குளவிக்கு ஏஜெண்ட் கிடையாது

பி.காம். படித்தவனுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டே விட்டாள்.

"போன வாரம் சீட்டுக் கம்பெனி, அதுக்கு முந்தின வாரம் இன்கம்டாக்ஸ். சரி, படிச்ச படிப்புக்குப் பொருத்தம். இந்த வாரம் குளவியா? பாத்ரூம்ல கரப்பான் வந்தா என்னைக் கூப்பிடற ஆளு நீங்க!"

வாஸ்தவம்தான். ஆனால் இது பூச்சிக் கதை மட்டும் இல்லை, கணக்குக் கதை. எட்டாயிரம் ரூபாய் ஒன்றை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருக்கிற கதை. உதவியா, கடனா, தர்மமா, நஷ்டமா… கடைசியில் சொல்கிறேன். முதலில் மாமா.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. ஆத்தூர்ப் பக்கம் கிராமம். ரெண்டு ஏக்கர் காடு, ஒரு கிணறு, அதில் கொஞ்சம் தண்ணீர், நிறைய நம்பிக்கை. தலைமுறையாகக் குச்சிக்கிழங்கு வெள்ளாமை. நீங்கள் மரவள்ளி என்பீர்கள். கல்யாண வீட்டில் வெட்கப்படாமல் ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடிக்கிறீர்களே ஜவ்வரிசிப் பாயசம், அந்த ஜவ்வரிசியின் தாய்வீடு இந்தக் கிழங்குதான். சேகோ மில்லில் வெறும் எடையைப் பார்த்துக் காசு தர மாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான் விலை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் கிளாஸோடு நின்ற மாமா, வருஷா வருஷம் பரீட்சை எழுதி மார்க் வாங்குவது அங்கேதான்.

2021-ல் ஒரு நாள் போன்.

"என்னான்னே தெரியல மாப்ள. குருத்தெல்லாம் முட்டைக்கோஸ் கணக்கா சுருட்டிக்குது. மேல வெள்ளையா, மாவு தூவி வெச்சாப்பல இருக்குது."

மாவுப்பூச்சி. மருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். அடித்தார். பூச்சி அப்படியே இருந்தது. அடுத்த வாரம் வேறு பாட்டில். அதற்கடுத்த வாரம் ரெண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார். பூச்சியின் உடம்பு மேல் மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு உண்டு. ரெயின்கோட் போட்டுக்கொண்டு மழையில் நிற்கிற ஆசாமி மாதிரி, மருந்து மேலே விழுந்து வழிந்து போய்விடும். அந்த வருஷம் மாமா பாதிதான் தேறினார். கிழங்கு விரல் கனத்துக்கு, பாயிண்ட்டும் இல்லை. ஒரு மாட்டை விற்றார். எனக்குத் தெரியாது. அம்மா சொல்லித்தான் தெரியும்.

2022-ல் மாமா ஏத்தாப்பூர் போனார். ஆத்தூருக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். அங்கே மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் அரசாங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரும்பி வரும்போது மாமாவின் கையில் ஒரு குப்பி. குப்பிக்குள்ளே எள்ளை விடச் சின்னதாக என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காட்டுக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். "என்னாங்க இது? காசு குடுத்துக் கொசு வாங்கியாந்தீங்களா?"

"கொசு இல்லீங்க, குளவி. காசும் இல்லீங்க, சும்மாதான் குடுத்தாங்க."

"சும்மா குடுத்தா அது எப்படிங்க வேலை செய்யும்?"

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இதற்குப் பதில் சொல்ல ஒரு மனுஷர் ஆப்பிரிக்காவில் முழுசாக ஒரு வாழ்க்கையைச் செலவழித்திருக்கிறார்.

★

அவர் பெயர் ஹான்ஸ் ஹெர்ரன். ஸ்விட்சர்லாந்துக்காரர். 1947-ல் பிறந்து, பண்ணையில் வளர்ந்தவர். பூச்சிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் கொஞ்ச நாள் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1979-ல் நைஜீரியாவுக்கு வந்தார். இபாதான் நகரத்தில் வெப்பமண்டல வேளாண்மைக்கென்று ஒரு சர்வதேச ஆராய்ச்சி நிலையம். அங்கே வேலை. அப்போது அவருக்கு முப்பத்தொன்றோ இரண்டோ வயசு. கிட்டத்தட்ட என் வயசு. (நான் அந்த வயசில் என்ன சாதித்தேன் என்று வீட்டில் கேட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் மாற்றியதைச் சொன்னேன்.)

அவர் போன நேரம், ஆப்பிரிக்காவில் மரவள்ளி செத்துக்கொண்டிருந்தது. மரவள்ளி ஆப்பிரிக்காவின் சொந்தப் பயிர் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது. வந்த கிழங்கு அங்கேயே குடும்பஸ்தன் ஆகிவிட்டது. இருபது கோடிப் பேருக்குச் சோறே அதுதான். கிழங்கை இடித்து, புளிக்கவைத்து, வறுத்துச் சாப்பிடுவார்கள். காங்கோவில் இலையையும் விடுவதில்லை, கீரையாக்கிவிடுவார்கள். மழை ஏமாற்றினாலும் கிழங்கு ஏமாற்றாது. வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். பி.காம். பாஷையில் சொன்னால் ஏழையின் ஃபிக்ஸட் டெபாசிட்.

அந்த டெபாசிட்டில் 1970-களின் ஆரம்பத்தில் கை வைத்தது மாவுப்பூச்சி. 1973-ல் அன்றைய ஜயரில் கின்ஷாசா பக்கம் முதலில் பார்த்தார்கள். நடுகிற குச்சியோடு கடல் தாண்டி வந்திருக்க வேண்டும். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், இந்தப் பூச்சியில் எல்லாமே பெண். ஆண் துணையே தேவையில்லை. ஒவ்வொன்றும் தானாகவே நானூறு முட்டை போல் இடும். கல்யாணச் செலவு, வரதட்சணை எதுவும் இல்லாத சமூகம். அது பெருகுகிற வேகத்தைக் கேட்க வேண்டுமா? சில இடங்களில் நூற்றுக்கு எண்பது பங்கு கிழங்கு போயிற்று. பூச்சி ஊர் ஊராக, நாடு நாடாக நடந்தது.

இந்த இடத்தில் ஹெர்ரனுக்கு முன்னால் ரெண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, மருந்து அடிப்பது. செலவுக்குக் காசில்லாத, ஸ்பிரேயர் என்பதையே பார்த்திராத கோடிக்கணக்கான குடியானவர்கள் எதை வாங்கி, எதில் அடிப்பார்கள்? இன்னொன்று, பூச்சியைத் தாங்குகிற புது ரகத்தை உண்டாக்குவது. அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா?

அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். இந்தப் பூச்சி தன் சொந்த ஊரில் ஏன் இப்படி ஆட்டம் போடவில்லை? அங்கே இதை அடக்கி வைக்கிற யாரோ இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி வருவோம்.

நம் வீடுகளில் தெரிந்த சமாசாரம்தான். புகுந்த வீட்டில் தலைகால் புரியாமல் ஆடுகிற ஆசாமியை அடக்க, பிறந்த வீட்டிலிருந்து பெரியம்மாவை வரவழைப்பது இல்லையா? இதுதான் முதல் பாடம். பிரச்னை எங்கே வெடித்தது என்று மட்டும் பார்க்காதே, எங்கிருந்து கிளம்பியது என்று பார்.

★

சொல்லியாயிற்று. பெரியம்மா எங்கே இருக்கிறாள்?

மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடக்கிலும் தேடினார்கள். கிடைத்துவிட்டது! அதே வெள்ளை, அதே மாவு, அதே மரவள்ளிச் செடி. அதன் மேல் வாழ்கிற குளவிகளையும் பிடித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். குளவிகள் ஆப்பிரிக்க மாவுப்பூச்சியில் குடும்பம் நடத்த மறுத்துவிட்டன.

உற்றுப் பார்த்தால், அது வேறு பூச்சி! இதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஜாடை ஒன்று, ஜாதகம் வேறு. இதுவரை யாரும் பெயர் வைக்காத பூச்சி என்பதால் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? 'ஃபெனகாக்கஸ் ஹெர்ரனி'. தேடிப் போனவர் பெயரையே தப்பான பூச்சிக்கு வைத்துவிட்டார்கள். உலகத்தில் தன் தவறுக்குத் தன் பெயரே வைக்கப்பட்ட பாக்கியசாலிகள் கொஞ்சம் பேர்தான். நாமெல்லாம் தவறு செய்தால் அடுத்தவன் பெயரை அல்லவா எழுதுகிறோம்!

ரெண்டாவது பாடம்: முகஜாடையைப் பார்த்து மருந்து கொடுக்காதே. 'அங்கே சரிப்பட்டது, இங்கேயும் சரிப்படும்' என்று சொல்கிற ஆபீசர்களுக்கு இந்தப் பூச்சியின் போட்டோவை ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாம்.

1981-ல் கொலம்பியா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த டோனி பெலாட்டி என்பவர் பராகுவே நாட்டில் அசல் பூச்சியைக் கண்டுபிடித்தார். அங்கே அது அபூர்வம். தேடித்தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காரணம், ஒரு குட்டிக் குளவி. 'அனகைரஸ் லோபெஸி' என்று இன்றைக்குப் பெயர். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளேயே பொரிந்து, உள்ளேயே சாப்பிட்டு, பூச்சியை வெறும் கூடாக்கி, மூன்று வாரத்துக்குள் ஓட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வரும். வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் வீட்டையே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற மாதிரி.

★

உடனே பெட்டியைத் திறந்து ஆப்பிரிக்காவில் விட்டார்களா? இல்லை. இங்கேதான் மூன்றாவது பாடம்.

ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை. 1883-ல் ஜமைக்காவிலிருந்து கீரிகளை இறக்கினார்கள். (பூர்வீகம் நம்ம ஊர்தான். 1872-ல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்கா போன கீரிகளின் வாரிசுகள்.) எலிக்கு நைட் ஷிஃப்ட். கீரிக்கு டே ஷிஃப்ட். ரெண்டும் சந்தித்துக்கொள்வதே அரிதாகப் போயிற்று. கீரி பசியோடு இருக்குமா? பறவை முட்டைகளைச் சாப்பிட ஆரம்பித்தது.

ஆஸ்திரேலியாவில் 1935-ல் கரும்பு வண்டைத் தின்ன ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டு போனார்கள். வண்டு கரும்பின் உச்சியில். தேரை தரையில். தேரைக்கு ஹைஜம்ப் வராது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இன்றைக்குத் தேரைதான் அங்கே பெரிய தலைவலி. உடம்பில் விஷம் வேறு.

ஆகவே, பராகுவேக் குளவிகள் முதலில் இங்கிலாந்து போயின. பூட்டிய அறைக்குள் வைத்து, நோய் நொடி ஒட்டியிருக்கிறதா, கூடவே வேறு ஏதாவது திருட்டுப் பயணி வந்திருக்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் நைஜீரியா. 1981 கடைசியில் முதல் குளவிகள் வெளியே பறந்தன. பறந்தவை நிலைத்தன. சில வருஷத்தில் தென்மேற்கு நைஜீரியா முழுக்கப் பரவிவிட்டன. பாஸ்போர்ட் இல்லாமலே அடுத்த நாடுகளுக்கும் போயின.

பூச்சியும் குளவியும் ரேஸ் ஓடினால் பூச்சி முந்தும் என்பதால், குளவிகளைக் கோடைக்கானல் ஆப்பிள் மாதிரி பக்குவமாக வளர்த்து விமானத்திலிருந்தும் இறக்கினார்கள். ஊர் ஊராகப் போக ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் சண்டை. ஆகாயத்தில் யார் மறிப்பது? அந்தந்த நாட்டு ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பெனின் நாட்டில் இதற்கென்றே ஒரு நிலையம் வந்தது. கடைசியில் 25-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் குளவி குடியேறி, மாவுப்பூச்சியைச் சத்தமில்லாமல் மூலையில் உட்கார வைத்தது.

இரண்டு கோடி உயிர்கள் வரை பிழைத்திருக்கும் என்கிறார்கள். 1995-ல் ஹெர்ரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. (1987-ல் அந்தப் பரிசை முதல் முதலாக வாங்கியவர் நம்ம எம்.எஸ். சுவாமிநாதன்.) பரிசுப் பணத்தை வைத்து ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, பூச்சியிலேயே வாழ்க்கையைத் தொடர்ந்தார் ஹெர்ரன். 1994-லிருந்து 2005 வரை நைரோபியில் ஒரு சர்வதேசப் பூச்சி ஆராய்ச்சி மையத்துக்கே தலைவராக இருந்தார்.

சரி, உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கே மாமாவின் குப்பி வருகிறவரை தெரியாது. இதுதான் நான்காவது பாடம், என்னை மாதிரிக் கணக்குப் பிள்ளைகளுக்கு உறைக்கிற பாடம். பஞ்சம் வந்தால் போட்டோ எடுக்கலாம். வராத பஞ்சத்தைப் போட்டோ எடுக்க முடியாது. எலும்பும் தோலுமான குழந்தை அட்டைப் படத்தில் வரும். வழக்கம்போல் கிழங்கு தின்றுவிட்டு ஸ்கூலுக்குப் போகிற குழந்தை எந்த அட்டையில் வந்தது?

ஆனால் கணக்குப் போட ஒருவர் முயற்சி செய்தார். கலிபோர்னியாவில் ரிச்சர்ட் நார்கார்ட் என்கிற பொருளாதாரப் பேராசிரியர். 1988-ல் அவர் போட்ட கணக்குப்படி, இந்தத் திட்டத்தில் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் கிடைத்த பலன் 149 டாலர். என் சர்வீஸில் அப்படி ஒரு விகிதத்தை நான் பார்த்தது, ஓடிப்போன ஒரு சீட்டுக் கம்பெனியின் நோட்டீஸில் மட்டும்தான்.

இந்த 149 டாலரில் ஒன்றுகூடக் குளவியின் பெட்டிக்கு வரவில்லை. பூச்சி மருந்துக்குக் கம்பெனி உண்டு, டீலர் உண்டு, சுவர் விளம்பரம் உண்டு, கமிஷன் உண்டு, வருஷக் கடைசியில் டீலருக்குப் பாங்காக் டூர்கூட உண்டு. குளவிக்கு? ஒரு தடவை விட்டால் தானே பெருகிக்கொள்ளும். ரெண்டாவது பாட்டில் விற்க முடியாது. லேபிள் ஒட்ட முடியாது. ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால்தான் அதற்கு ஏஜெண்ட் கிடையாது. ஏஜெண்ட் இல்லாத சரக்கை ஊருக்குள்ளே யார் நம்புவார்கள்? மாமாவின் பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டதில் தப்பே இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாப் பூச்சிக்கும் ஒரு குளவி எங்கேயோ காத்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மரவள்ளியின் தேமல் நோயைக் குளவி ஒன்றும் செய்யாது. வெளியூரிலிருந்து எதிரி இல்லாமல் வந்த பூச்சிக்குத்தான் இந்த வைத்தியம் நன்றாகக் கேட்கிறது. நம்ம ஊரிலும் கேட்டிருக்கிறது. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது ஞாபகம் இருக்கிறதா? 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அந்தப் பூச்சியைப் பற்றிப் பேச்சையே காணோம். அதான் சொன்னேனே, நடக்காததைப் பற்றி யார் பேசுவார்கள்!

★

ஆப்பிரிக்காவை அழித்த அதே மாவுப்பூச்சி 2008-ல் தாய்லாந்து போயிற்று. அவர்கள் மறு வருஷமே பெனினிலிருந்து குளவியை வரவழைத்துவிட்டார்கள். 2020-ல் பூச்சி கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் தலைகாட்டி, அப்படியே நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வந்து சேர்ந்தது. பெங்களூரில் வேளாண் பூச்சிகளுக்கென்று இருக்கிற மத்திய அரசு நிறுவனம், 2021-ல் அதே பெனினிலிருந்து குளவியைத் தருவித்து, சோதித்து, வளர்த்து, 2022 மார்ச்சில் முதல் முதலாக வெளியே விட்ட இடம், ஏத்தாப்பூர்.

பராகுவே, இங்கிலாந்து, நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். மாமாவின் குப்பிக்குள் இருந்ததன் ஜாதகம் இது. நாற்பது வருஷப் பயணம். நான் இன்னும் திருப்பதியைத் தாண்டவில்லை.

இப்போது எட்டாயிரம் ரூபாய்க்கு வருகிறேன்.

குப்பியைச் சாயங்கால வேளையில் காட்டு நடுவில் திறந்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். நிலையத்தில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மருந்து மட்டும் அடிச்சிராதீங்க." சொல்வது சுலபம். வெள்ளை வெள்ளையாகப் பூச்சி இருக்கிற காட்டை, போன வருஷம் மாடு விற்ற மனுஷர், சும்மா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பத்து நாள் பார்த்தார். பதினோராவது நாள் எனக்குப் போன்.

"இன்னும் வெள்ளை அப்படியே இருக்குது மாப்ள. பக்கத்துக் காட்டுல ரெண்டு தடவை அடிச்சுட்டாங்க. நான் மட்டும் கைய கட்டிக்கிட்டு நிக்கறேன். எல்லாரும் சிரிக்கறாங்க. என்ன பண்ணலாம், சொல்லு. நீ படிச்சவன்."

அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

மாவுப்பூச்சி என்றால் என்ன, குளவி என்றால் என்ன, எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் படித்தவன் ஆயிற்றே! போன தடவை மாடு விற்றதைச் சொல்லாமல் விட்டாரே என்கிற ஆதங்கம் வேறு. "என்ன மாமா, கொசுவை நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? நல்ல மருந்தா வாங்கி உடனே அடிங்க. பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றேன். போனை வைப்பதற்குள் எட்டாயிரம் ரூபாய் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஒரு விவசாயிக்கு உதவி செய்த தூக்கம்.

மாமா அடித்தார்.

ரெயின்கோட் போட்ட பூச்சி பிழைத்துக்கொண்டது. ரெயின்கோட் இல்லாத குளவி?

அதைப் பிறகு ஒரு நாள்தான் படித்தேன். ஆப்பிரிக்காவில் ஹெர்ரனின் சகாக்களுக்கு ஒரு சந்தேகம் வந்ததாம். பூச்சி குறைந்தது குளவியாலா, மழையாலா? மழை அடித்தாலும் மாவுப்பூச்சி கழுவிக்கொண்டு போகும். எப்படி நிரூபிப்பது? சில கிளைகளைத் துணிப் பை போட்டுக் கட்டி, குளவி உள்ளே போக முடியாமல் செய்தார்கள். பைக்குள்ளே மாவுப்பூச்சி கொழித்தது. இன்னொரு சோதனையும் செய்தார்கள். வேண்டுமென்றே பூச்சி மருந்து அடித்தார்கள். குளவி செத்தது. மாவுப்பூச்சி பெருகியது. நிரூபணம் ஆயிற்று.

அதாவது, குளவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக விஞ்ஞானிகள் யோசித்து யோசித்துச் செய்த சோதனையை, நான் எட்டாயிரம் ரூபாய் செலவில், மாமாவின் காட்டில், அவருடைய ஒரு வருஷச் சாப்பாட்டை வைத்துச் செய்து முடித்திருந்தேன்.

ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அடிக்கறப்பவே எனக்குத் தெரியும் மாப்ள" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் மாமா அடிச்சீங்க?"

"நீ பணம் அனுப்பிட்டியே. வாங்காம வெச்சிருந்தா, மாமன் வேற எதுக்கோ செலவு பண்ணிட்டான்னு நீ நெனைச்சுக்க மாட்டியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், பெரிய பெரிய ஆட்களின் வாழ்க்கையைப் படித்து நான் பொறுக்கிய நான்கு பாடங்களும் இந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்கவில்லை. உலகத்தில் எத்தனை கிராமங்களில் எத்தனை உதவிகள் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? கொடுக்கிறவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். தன் காட்டுக்கு எது தேவை என்பதும் தெரியும். ரெண்டும் இடிக்கும்போது, பாவம், மரியாதைக்காகக் காட்டை விட்டுக்கொடுப்பான். கொடுத்தவன் ஊருக்குத் திரும்பிப் போய் ரிப்போர்ட் எழுதுவான். 'திட்டம் நிறைவேற்றப்பட்டது' என்று. நானும் அன்று ராத்திரி அப்படித்தான் தூங்கினேன்.

★

மாமா மறுபடி ஏத்தாப்பூர் போனார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு குப்பியும் வாங்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய், "காத்து நம்ம பக்கம் அடிக்கறப்ப மட்டும் மருந்து அடிக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அப்புறம் மழையும் வந்தது.

அந்த வெள்ளாமை மோசமில்லை. பாயிண்ட்டும் பரவாயில்லை. மழையா, குளவியா என்று கேட்டேன். "ரெண்டு பேரும் என்கிட்ட பில்லு கேக்கல மாப்ள" என்றார் மாமா. துணிப் பை கட்டி நிரூபிக்க அவருக்கு நேரமில்லை. ஆனால் அடுத்த முறை காட்டில் இலையைத் திருப்பிப் பார்த்து, செத்த மாவுப்பூச்சிக் கூட்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது பக்கத்துக் காட்டுக்காரரும் வந்து எண்ணிப் பார்க்கிறாராம். சிரிப்பதில்லையாம்.

எட்டாயிரம் ரூபாய்க்கு இன்னும் தலைப்பு கிடைக்கவில்லை. பள்ளியிலும் காலேஜிலும் வரவு, பற்று, தேய்மானம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். 'கேட்காமல் கொடுத்த யோசனை' என்று ஒரு கணக்குத் தலைப்பு இருப்பதைச் சொல்லவே இல்லை.

போன மாதம் மாமா பேசினார். புதுக் குச்சி நட்டிருக்கிறாராம். பழக்க தோஷத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பணம் ஏதாவது வேணுமா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, வேண்டாம் மாப்ள!" என்று அலறினார். "நீ ஒண்ணும் பண்ணாம சும்மா இரு. அதுவே எனக்குப் பெரிய ஒத்தாசை."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "கவலைப்படாதீங்க மாமா. அது மட்டும் அவருக்கு நல்லா வரும்!"